தலையெழுத்தல்ல, நோய்!

அவலூர்பேட்டையிலே ஒரு திண்ணை. திண்ணையிலே ஒரு முதியவர். ஏர் பிடித்துக் காய்த்துப்போன கை. பெற்ற மகனைப் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்கிறார். "வயசாச்சு, புத்தி பிசகிப்போச்சு, எல்லாம் தலையெழுத்து!" என்கிறது ஊர்.

இல்லை தோழர்களே, இல்லை! அது நோய், மறதி நோய். இந்தியாவிலே அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு அது இருக்கலாமென 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, காது மந்தம், கண் மங்கல் முதலான 14 காரணங்களைக் களைந்தால், நூற்றுக்கு 45 பேருக்கு இந்நோயைத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்றது 2024-இல் லான்செட் இதழின் அறிஞர் குழு. தலையெழுத்தென்றால் கொதிப்பு மாத்திரைக்கு அஞ்சுமா?

மறதி வந்தவர் தடுமாறுவார், தடுமாறுபவர் விழுவார். விழுந்து மடிவோர் உலகிலே ஆண்டுக்கு 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிகுதியாக மடிவோர் முதியோரே. வழுக்கும் கிணற்றடியைச் செப்பனிடவும், இருண்ட வாசற்படிக்கு விளக்கிடவும் கோடியா வேண்டும்?

கிண்டியிலே 2024-இல் முதியோருக்கென 200 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தார்கள், நன்று! திண்ணைக் கிழவர் கிண்டிக்கு எப்படிப் போவார்? 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. அந்த வாசலிலே இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: "பெரியவரே, வழி மறக்கிறதா? கால் தடுமாறுகிறதா?"

ஊருக்குச் சோறிட்ட கை அது. நம்மை மறந்துவிட்டார் அவர். அவரை நாம் மறக்கலாமா?