தொடராக்கம் (கணினியியல்)

தொடராக்கம் என்பது ஒரு நிரலின் நினைவகத்தில் உள்ள தரவுக் கட்டமைப்பை, பிணையத்தில் அனுப்பத்தக்க பைட்டுகளின் தொடராக மாற்றும் முறையாகும். பெறும் நிரல் அத்தொடரிலிருந்து அதே கட்டமைப்பை மீண்டும் உருவாக்கும்.

மரம், இணைப்புப் பட்டியல் போன்றவற்றின் உறுப்புகள் பாயிண்டர் எனப்படும் நினைவக முகவரிகளால் இணைக்கப்பட்டுள்ளன. அம்முகவரியை அப்படியே சாக்கெட்டில் எழுதினால் பயனில்லை. மறுமுனைக் கணினியில் அதே முகவரியில் வேறு ஏதோ இருக்கும். ஆகவே முகவரிக்குப் பதிலாக, அங்குள்ள மதிப்பையே அனுப்ப வேண்டும்.

பைட்டுகளின் ஒழுங்கும் முக்கியமானது. 1 என்ற எண்ணை 4 பைட்டுகளாக, உயர்மதிப்புப் பைட்டை முதலில் வைத்து அனுப்புவதாகக் கொள்வோம். இன்டெல் வகைக் கணினி அதை மாற்றாமல் படித்தால் 1,67,77,216 கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் இத்தவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி, 1987-இல் ஆர்எஃப்சி 1014 ஆக வெளியான எக்ஸ்டிஆர் வடிவம் இவ்வொழுங்கை வரையறுத்தது.

டிசிபி நெறிமுறை செய்தியின் எல்லையைக் காட்டுவதில்லை. ஒரே முறையில் அனுப்பியது இரு துண்டுகளாகவும் வந்து சேரலாம். எனவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை அனுப்புவது வழக்கம்.

பைத்தான் மொழியின் பிக்கிள் பயன்படுத்த எளிது. ஆயினும் அதைப் படிக்கும்போது தரவில் மறைத்து வைத்த கட்டளைகளும் இயங்கக்கூடும். நம்பகமற்ற இடத்திலிருந்து வரும் தரவுக்கு ஜேசான் போன்ற வடிவமே ஏற்றது.