சிக்னலுக்கு முன் ஒரு தேர்வு

குமரி மாவட்டத்தில் புதுக்கடை, கருங்கல், மார்த்தாண்டம் பக்கம் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டு ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு. குழித்துறை வழியாக ரயில் ஓடத் தொடங்கியதே 1979 ஏப்ரலில்தான். அந்த ரயிலை ஓட்டும் வேலைக்கு இன்று வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 2024இல் உதவி லோகோ பைலட் பணிக்கு முதலில் 5,696 இடங்கள் என்று வந்த அறிவிப்பு, பிறகு 18,799 ஆக உயர்ந்தது. 2025இல் மேலும் 9,970 இடங்கள். கணக்கு, அறிவியல், ரீசனிங் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்து இரண்டு கட்டக் கணினித் தேர்வுகளைத் தாண்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் மூன்றாவது கட்டத்தில்தான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். அதன் முறையான பெயர் கணினிவழித் திறனறி தேர்வு. பிள்ளைகள் சொல்வது ‘சைக்கோ டெஸ்ட்’.

இதில் ஐந்து பகுதிகள்: நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழம் உணர்தல், மனம் குவித்தல், பார்த்தவுடன் அடையாளம் காணும் வேகம். ஆழம் உணரும் பகுதியில் அடுக்கிவைத்த செங்கற்களின் படம் வரும். குறிப்பிட்ட ஒரு செங்கல்லை மற்ற எத்தனை செங்கற்கள் தொடுகின்றன என்று சொல்ல வேண்டும். எதற்கும் பாடப்புத்தகம் கிடையாது, ஒவ்வொன்றுக்கும் கடிகாரம் உண்டு. ஐந்திலும் தனித்தனியாக டி ஸ்கோர் 42 எடுத்தாக வேண்டும். நான்கில் 60 எடுத்து ஒன்றில் 41 எடுத்தாலும் வெளியே போக வேண்டியதுதான். எந்தப் பிரிவினருக்கும் இதில் தளர்வு இல்லை.

இந்த 42 என்பதை நூற்றுக்கு 42 மதிப்பெண் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. டி ஸ்கோர் என்பது ஒரு கூட்டத்துக்குள் நம் இடம் எது என்று சொல்லும் அளவு. அந்தக் கூட்டத்தின் சராசரி 50 என்று வைக்கப்படுகிறது. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து விலகும் அளவான திட்ட விலக்கம் 10. ஆக, 42 எடுத்தவர் சராசரிக்குச் சற்றுக் கீழே நிற்கிறார். மதிப்பெண்கள் மணி வடிவ வளைகோட்டில் பரவியிருந்தால், நூற்றுக்கு 79 பேர் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார்கள். ஒரு பகுதியை மட்டும் பார்த்தால் எளிதுதான். ஐந்தையும் சேர்த்தால் கணக்கு மாறுகிறது: ஐந்து திறன்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றையும் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 30 பேர்தான். உண்மையில் ஒன்றில் நன்றாகச் செய்பவர் மற்றதிலும் ஓரளவு செய்வார் என்பதால் எண்ணிக்கை இதைவிடக் கூடும். ஆனாலும் பாடம் தெளிவு. பிடித்த பகுதியில் உயரப் பறப்பதைவிட, பலவீனமான பகுதியைத் தூக்கி நிறுத்துவதுதான் முதல் வேலை.

கவனத்தை அளந்து ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்கும் யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஹியூகோ மன்ஸ்டர்பெர்க், டிராம் ஓட்டுநர்களுக்காக ஒரு சோதனையை வடிவமைத்து 1913இல் வெளியான நூலில் விவரித்தார். நடுவே தண்டவாளம் வரைந்த அட்டைகள். இரு புறமும் கறுப்பிலும் சிவப்பிலும் எண்கள். 1 என்றால் பாதசாரி, 2 குதிரை, 3 மோட்டார் வண்டி. கறுப்பு எண் தண்டவாளத்துக்கு இணையாகப் போகிறது, அதனால் ஆபத்தில்லை. சிவப்பு எண் குறுக்கே வருகிறது. அட்டை நகர நகர, எந்த இடத்தில் ஆபத்து என்று உடனுக்குடன் சொல்ல வேண்டும். ஓட்டுநர் எடுத்துக்கொண்ட நேரத்தையும் மன்ஸ்டர்பெர்க் பார்த்தார், விட்டுப்போன ஆபத்துகளையும் பார்த்தார். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து ஓட்டுநரை எடைபோட முடியாது என்பதை அன்றே புரிந்துகொண்டிருந்தார்.

அதற்கும் முன்பே, 1895இல், பிரான்ஸின் பெஞ்சமின் பூர்தோன் எழுத்துகள் நிறைந்த தாளில் குறிப்பிட்ட எழுத்தை மட்டும் அடித்துக்கொண்டே போகச் சொல்லிச் சோதித்தார். அதன் வழிவந்த புள்ளித் தேர்வு பிரிட்டனில் ரயில் ஓட்டுநர் தேர்வில் நெடுநாள் இருந்தது. தாள் முழுக்க மூன்று, நான்கு, ஐந்து புள்ளிகள் கொண்ட கொத்துகள். நான்கு புள்ளிக் கொத்தை மட்டும் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்! குழந்தைகூடச் செய்யும். ஆனால் வரிக்கு வரி அதையே செய்யும்போதுதான் மனம் எப்படி நழுவுகிறது என்பது தெரிகிறது. இந்த வகைத் தேர்வுகளின் சில வடிவங்களில் ஒவ்வொரு வரிக்கும் ஆகும் நேரத்தைக் குறித்து, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்றும் பார்ப்பார்கள். மொத்த வேகம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரில், ஒருவர் சீராகப் போவார். மற்றவர் பாய்வார், நிற்பார், மீண்டும் பாய்வார். இரண்டாமவரை நினைத்துத்தான் ரயில்வே கவலைப்படுகிறது.

நம் நாட்டில் 1962இல் அமைந்த, குன்ஸ்ரு தலைமையிலான ரயில் விபத்துக் குழுவுக்குப் பிறகு ரயில்வேயில் இத்தகைய உளவியல் சோதனைகள் வேர்விட்டன. இப்போது லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்னும் ரயில்வே ஆராய்ச்சி அமைப்பின் உளவியல் தொழில்நுட்பப் பிரிவு இதைக் கவனிக்கிறது. மாதிரி வினாக்களை அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் போகப்போக இலக்குகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு முள் மட்டும் நகரும் கடிகாரத்தைச் செய்து, அந்த முள் எப்போதாவது ஒருமுறை இரட்டையாகத் தாவுவதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்கும் திறன் குறைந்தது. அவர் முடிவுகளை 1948இல் வெளியிட்டார். எதுவும் நடக்காமல் நீளும் நேரம்தான் கவனத்துக்கு எதிரி. இரவில் பச்சை, பச்சை, பச்சை என்று வந்துகொண்டே இருக்கும் பாதையில் ஒரே ஒரு சிவப்பு வரும். அதைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். 2011 செப்டம்பர் 13 அன்று அரக்கோணம் அருகே சித்தேரியில் நின்றுகொண்டிருந்த பயணிகள் ரயிலின் பின்னால் மின் தொடர் ரயில் மோதியது நமக்கு மறக்காது. இப்படிக் கவனம் நழுவக் கூடாது என்பதற்காகத்தான் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கையால் சுட்டி, உரக்கச் சொல்கிறார்கள். ஜப்பானில் 1994இல் செய்த ஆய்வு ஒன்றில், சுட்டிக்காட்டிச் சொல்லும்போது 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறு 0.38 ஆகக் குறைந்தது.

சரி, தயாராவது எப்படி? மூளைக்குப் பொதுவாகப் பயிற்சி கொடுத்தால் கவனம் கூடும் என்று சொல்லும் செயலிகளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். 2010இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் அத்தகைய பயிற்சி செய்தார்கள். பயிற்சி எடுத்த விளையாட்டில் மட்டும் முன்னேறினார்கள். அதை ஒத்த வேறு சோதனைகளில்கூட முன்னேற்றம் தொற்றவில்லை. ஆகவே வரப்போகும் தேர்வின் அதே வடிவத்தில், அதே நேர அளவில் பழக வேண்டும். முதல் சில தடவைகளில் மதிப்பெண் வேகமாக ஏறும். பிறகு ஏற்றம் மெதுவாகும். அப்படி மெதுவாகும்போது பயந்துவிடக் கூடாது. அது பழக்கம் பதிந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

கைப்பேசியில் பழகிவிட்டுத் தேர்வு மையத்தில் மவுஸைப் பிடிப்பவர்களுக்குக் கை தடுமாறும். புதுக்கடையிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு கணினி மையத்துக்குப் போய்ப் பெரிய திரையிலேயே பழகுவது நல்லது. அடுத்து, முதல் இரண்டு தேர்வுகளில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதால், சந்தேகம் என்றால் விட்டுவிடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்திருக்கும். திறனறி தேர்வில் மதிப்பெண் குறைப்பு கிடையாது. அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

தவறு செய்துவிட்டோம் என்று உணர்ந்த பிறகு அடுத்த விடைக்கு மனிதர்கள் கூடுதல் நேரம் எடுக்கிறார்கள் என்பதைப் பேட்ரிக் ராபிட் 1966இலேயே காட்டினார். ஒரு தவறைத் திரும்பிப் பார்ப்பது அடுத்த இரண்டு, மூன்று கேள்விகளின் நேரத்தைத் தின்றுவிடும். நம் ஊர்ப் பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வெட்டுக்காரர் ஒவ்வொரு மரத்திலும் ஒரே ஆழத்தில் கத்தியை இழுத்துவிட்டு நிற்காமல் அடுத்த மரத்துக்குப் போகிறார் அல்லவா, அந்த நடைதான் இங்கே வேண்டும். ஆழமாகப் போனால் மரம் கெடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது, ஒரே மரத்தடியில் நின்றால் பொழுது போய்விடும். பயிற்சியின்போது மொத்த மதிப்பெண்ணோடு, முதல் பாதியில் எத்தனை முடித்தோம், இரண்டாம் பாதியில் எத்தனை என்றும் எழுதிவைத்தால் நடை சீராகிறதா என்பது தெரியும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும் இணைந்து செயல்படும் திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டார்கள். தேர்வு மையம் தொலைவில் விழுந்தால் நம் பிள்ளைகள் இரவெல்லாம் உட்கார்ந்து பயணம் செய்து, காலையில் முகம் கழுவிக்கொண்டு நேரே தேர்வுக்குப் போகிறார்கள். மற்ற தேர்வுகளில் படித்தது கைகொடுக்கும். இதில் சோதிக்கப்படுவதே விழிப்புத்தான். முதல் நாள் மதியமே போய்ச் சேர்ந்து தூங்கி எழ வீட்டார் கொஞ்சம் பணம் ஒதுக்கினால், அது எந்தப் பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும்விடப் பயனுள்ள செலவு.

கண் பார்வையை முதலிலேயே சோதித்துக்கொள்ள வேண்டும். ஏ-1 என்னும் உயர்ந்த தரம் இதற்குத் தேவை: கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை 6/6, நிறங்களைப் பிரித்தறியும் திறனும் சரியாக இருக்க வேண்டும். பார்வையைச் சரிசெய்ய லேசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களை எடுத்துக்கொள்வதில்லை. உரிய படிவத்தில் கண் மருத்துவர் கொடுத்த சான்றிதழின் அசலைத் திறனறி தேர்வு நாளன்றே காட்ட வேண்டும். இரண்டு வருடம் படித்த பிறகு நிறக்குறைபாடு இருப்பது தெரியவந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய அடி!

எனக்கு இதில் ஒரு பெரிய மனக்குறை உண்டு. முதல் இரண்டு கட்டத் தேர்வுகளையும் தமிழில் எழுத முடிகிறது. திறனறி தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் நடக்கிறது. செங்கல்லை எண்ணவும் உருவத்தைப் பொருத்தவும் மொழி வேண்டாம்தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்ற விளக்கம் மொழியில்தானே வருகிறது? ‘சொன்னபடி செய்தல்’ பகுதி முழுக்கவும் வாசித்துப் புரிந்துகொள்வதைச் சார்ந்தது. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர் விளக்கத்தை ஒரு பார்வையில் விழுங்கும்போது, தமிழ்வழியில் படித்த கிள்ளியூர்ப் பிள்ளை அதை மனதுக்குள் மொழிபெயர்க்கிறது. அங்கே அளக்கப்படுவது கவனமா, ஆங்கிலமா? விளக்கங்களைத் தமிழிலும் கொடுப்பதால் தேர்வின் கடுமை துளியும் குறையாது. அளவு இன்னும் துல்லியமாகும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ரயில்வே அமைச்சகத்திடம் விடாமல் கேட்க வேண்டிய கோரிக்கை இது. அது கிடைக்கும் வரை, ஆர்.டி.எஸ்.ஓ. தளத்தில் உள்ள மாதிரி விளக்கங்களின் ஆங்கில வாக்கியங்களைப் பிள்ளைகள் முன்கூட்டியே வரி வரியாகப் படித்து, ஒவ்வொன்றும் எதைச் செய்யச் சொல்கிறது என்று தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை.