புது கார்... 12,000 கி.மீ.க்குள் டயரும் பிரேக்கும் தேய்ந்துபோனது ஏன்? தேய்மானத்தைப் பார்த்தே காரணம் கண்டுபிடிப்பது எப்படி?

பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர், ஆடி வெள்ளிக்குச் சொந்த ஊரான படவேட்டுக்குக் காரில் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கார் வாங்கி ஒன்பது மாதம்தான் ஆகிறது. ஓடியது 12,000 கி.மீ. ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்துக்கு நடுவே வண்டியை ஒருவழியாக வீட்டு வாசலில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒடித்த நிலையிலேயே இறங்குகிறார். பட்டுத் தறியில் நாற்பது வருடம் உட்கார்ந்த அப்பா, முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார்.

"என்னப்பா இது, டயர் உள்பக்கம் மட்டும் வழவழன்னு இருக்கு?"

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டால் பதில் ரெடியாக இருக்கிறது. "டயரும் பிரேக் பேடும் தேயற பொருள் சார். வாரண்டியில வராது. சிட்டி டிராஃபிக்ல ஓட்டினா இப்படித்தான்."

இந்தப் பதிலில் பாதி உண்மை. டயரும் பேடும் தேயத்தான் செய்யும். ஆனால் எந்த இடத்தில், எந்த வேகத்தில் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். புடவையில் ஒரு கோடு விழுந்தால், நெசவாளி சேலையைக் குறை சொல்ல மாட்டார். அது பாவில் விழுந்த குறையா, ஊடையில் விழுந்ததா என்று பார்த்து, தறியில் சரிசெய்ய வேண்டிய இடத்துக்குப் போவார். காருக்கும் அதே வழிதான்.

*எவ்வளவு தேய்ந்தால் 'சீக்கிரம்' என்று சொல்லலாம்?*

புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 7 முதல் 8 மி.மீ. இருக்கும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரில் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அதுதான் தேய்மான அடையாளம். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும்.

சாதாரணமாக ஒரு கார் டயர் 40,000 கி.மீ. அளவுக்கு உழைக்கும். முன்சக்கர பிரேக் பேடுகள், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 30,000 முதல் 50,000 கி.மீ. வரை வரும். புது பேடின் உராய்வுப் பகுதி சுமார் 10 மி.மீ. தடிமன். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றும் நேரம். பல பேடுகளில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். பேடு தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசி 'கீச்' என்று கத்தும். அந்தச் சத்தம் வந்த பிறகும் பாட்டு வால்யூமைக் கூட்டிவிட்டு ஓட்டினால், அடுத்தது டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு.

ஆக, 12,000 கி.மீ.யில் டயர் வழவழவென்று ஆனது 'நார்மல்' இல்லை. கேள்வி கேட்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

*டயரை எப்படிப் பார்ப்பது?*

ஸ்டீயரிங்கை முழுசாக ஒருபக்கம் ஒடித்து நிறுத்துங்கள். முன் டயரின் முழு அகலமும் கண்ணில் படும். செல்போன் டார்ச் போதும்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். பெட்ரோல் பங்க்கில் "எவ்ளோ சார், 35 வைக்கட்டுமா?" என்று கேட்டதும் தலையாட்டுவது நம் வழக்கம். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவின் ஓரத்தில், ஸ்டிக்கரில் இருக்கிறது. பல கார்களில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள்: ஓரிருவர் போகும்போது ஒன்று, முழு பாரத்துக்கு இன்னொன்று. ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் இரண்டாவது அளவுதான் வேண்டும். காற்றை வண்டி ஓடுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும்.

உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், சந்தேகம் அலைன்மென்ட் மேல் போகிறது. சக்கரம் நேராகப் பார்க்காமல் கொஞ்சம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கலாம். இதை 'டோ' என்பார்கள். மேலும் கீழுமாகச் சாய்ந்திருந்தால் 'கேம்பர்'. டயரைக் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால், பெரும்பாலும் டோ கோளாறு. (கம்பி வெளியே தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயரில் மட்டும் கை வைக்காதீர்கள். கிழித்துவிடும்.)

'கொஞ்சம்தானே விலகியிருக்கு' என்று விட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் நேர்க்கோட்டிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கி.மீ.க்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கி.மீ. ஓடினால் சுமார் 87 கி.மீ. தூரம் ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்த்ததற்குச் சமம். எந்த டயரும் தாங்காது.

டயரைச் சுற்றி மேடு பள்ளமாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் அல்லது வீல் பேலன்சிங் பார்க்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கியதாலும், அறிவிப்பே இல்லாத வேகத்தடையில் ஏறியதாலும் அலைன்மென்ட் விலகியிருக்கலாம். அப்படியானால் செலவு நம்முடையது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விலகியிருக்கவும், சஸ்பென்ஷன் பாகத்திலேயே குறை இருக்கவும் வாய்ப்பு உண்டு. அலைன்மென்ட் செய்தும் சில ஆயிரம் கி.மீ.யில் அதே இடம் மறுபடி தேய்ந்தால், சந்தேகம் பாகத்தின் மேல் திரும்ப வேண்டும்.

*பிரேக் என்ன சொல்கிறது?*

பேடுகளைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு முன்பேடுகளும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் காரணம் ஓட்டும் விதம், சாலை, அல்லது பேடின் தரம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தாலோ, ஒரே சக்கரத்தின் உள்பேடும் வெளிப்பேடும் வேறு வேறு தடிமனில் இருந்தாலோ கதை வேறு. பிரேக்கை விட்ட பிறகும் கேலிப்பர் முழுசாக விலகவில்லை என்று அர்த்தம். கேலிப்பரின் ஸ்லைடு பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கலாம். அதற்கு உங்கள் கால் காரணமில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: அதிகம் பிரேக் போடாமல் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்த பிரேக் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

நம் பக்கத் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் இடதுகாலை பிரேக் மேலேயே வைத்திருப்பது. ஹேண்ட் பிரேக்கை அரைகுறையாக இறக்கிவிட்டுக் கிளம்புவது. வார நாள் முழுக்க அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் நிறுத்திவிட்டு, சனிக்கிழமை மட்டும் எடுப்பது. ஈரத்தில் பல நாள் அசையாமல் நின்ற காரில் டிஸ்க்கில் துரு படியும், ஹேண்ட் பிரேக் ஒட்டிக்கொள்ளும்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் பேடு மெதுவாகத் தேயும். பேட்டரியின் எடையாலும் எடுத்த எடுப்பில் கிடைக்கும் இழுவிசையாலும் டயர் வேகமாகத் தேயும்.

*மலையில் இறங்கும்போது என்ன நடக்கிறது?*

ஊருக்கு வந்தவர்கள் அடுத்த நாள் ஜவ்வாது மலைக்கு ஒரு ரவுண்டு போவது சகஜம். இங்கேதான் தேய்மானம் செலவுப் பிரச்சினையிலிருந்து உயிர்ப் பிரச்சினையாக மாறுகிறது.

ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள ஒரு கார் 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வையுங்கள். அது இழக்கும் ஆற்றல் இரண்டு யூனிட் மின்சாரத்துக்கு மேல். 80 கி.மீ. வேகத்தில் போகும் அதே காரை 23 முறை முழுசாக நிறுத்துவதற்கு ஆகும் ஆற்றல் அது. காரை நியூட்ரலில் உருளவிட்டு பிரேக்கை மட்டுமே நம்பினால், காற்று எதிர்ப்பும் டயர் உராய்வும் வாங்கிக்கொண்டதுபோக மிச்சமெல்லாம் பிரேக்கில் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். பேடு அதிகமாகச் சூடானால் பிடிமானம் குறையும். பெடலை அழுத்துவோம், வண்டி நிற்காது. தேய்ந்து மெலிந்த பேடு இன்னும் சீக்கிரம் சூடாகும்.

அதனால் இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியர். இன்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்காக இருந்தால் மேனுவல் மோடு அல்லது 'எல்' நிலை.

*இதெல்லாம் கம்பெனியின் தவறாக இருக்க முடியுமா?*

இருந்திருக்கிறது என்று புகார் எழுந்து, பணம் திரும்பக் கிடைத்த உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரையிலான மாடல் ஹோண்டா அக்கார்டு கார்களில் பின்பக்க பிரேக் பேடுகள் மிகச் சீக்கிரம் தேய்கின்றன என்று உரிமையாளர்கள் சேர்ந்து வழக்கு போட்டார்கள். 2010-ல் சமரசம் ஏற்பட்டு, பேடு மாற்றிய செலவில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. 2006, 2007 மாடல் சிவிக் கார்களின் பின்டயர்கள் ஒழுங்கில்லாமல் தேய்வதாக இன்னொரு வழக்கு. பின்சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம்தான் காரணம் என்றார்கள். அதுவும் 2014-ல் சமரசத்தில் முடிந்தது.

இப்படிப்பட்ட புகாருக்குக் கைகொடுப்பது, எத்தனையாவது கி.மீ.யில், எந்த இடத்தில் தேய்ந்தது என்ற பதிவு.

*இங்கே சட்டம் என்ன சொல்கிறது?*

கார் கம்பெனி வாரண்டியில் சாதாரணத் தேய்மானம் சேராது. டயருக்கு வாரண்டி தருவதும் பொதுவாக டயர் கம்பெனிதான், கார் கம்பெனி அல்ல. ஆனால் இன்னொரு பாகத்தின் உற்பத்திக் குறையால் டயரோ பேடோ தேய்ந்திருந்தால், அந்தப் பாகத்துக்கு வாரண்டி உண்டு.

காரையே மாற்றிக் கேட்கலாமா? மாருதி உத்யோக் வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வாரண்டி என்பது குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதற்கானது, முழுக் காரையும் மாற்றித் தருவதற்கானது அல்ல. எனவே கோரிக்கையைச் சரியான அளவில் வையுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு போடலாம். ஷோரூம் எங்கே இருந்தாலும் அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். பொருளில் குறை உண்டா என்று ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்து பார்க்கலாம்.

*சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன்...*

நான்கு டயர்களையும் கிலோமீட்டர் மீட்டரோடு சேர்த்து போட்டோ எடுங்கள். இதை முதல் சர்வீஸிலிருந்தே செய்வது நல்லது.

ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். "முன் இடது டயர் உள் ஓரத்தில் மட்டும் தேய்ந்துள்ளது, 12,000 கி.மீ." என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அலைன்மென்ட் செய்தால் பிரின்ட் கேளுங்கள். சரிசெய்த பிறகு உள்ள அளவை எல்லோரும் காட்டுவார்கள். சரிசெய்வதற்கு *முன்* இருந்த அளவுதான் உங்களுக்கு முக்கியம்.

கழற்றிய பேடையும் டயரையும் எக்ஸ்சேஞ்சில் விட்டுவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால், ஆய்வகம் கேட்கப்போவது அந்தப் பழைய பொருளைத்தான்.

நம் இளைஞருக்கு இதில் எந்தக் காரணம் என்பது இன்னும் தெரியாது. காற்று சரியாக வைத்திருந்து, அலைன்மென்டும் சரிசெய்து, அடுத்த 5,000 கி.மீ.யில் அதே ஓரம் தேயாமல் இருந்தால் அது சாலை செய்த வேலை, செலவு அவருடையது. மறுபடி தேய்ந்தால், கையில் இரண்டு ஜாப் கார்டும், முந்தைய அளவு பதிந்த பிரின்டும், போட்டோக்களும் இருக்கும். அப்போது "தேயற பொருள் சார்" என்ற ஒற்றை வரியில் யாரும் அவரை அனுப்பிவிட முடியாது.

அதுவரை ஜவ்வாது மலை ரவுண்டைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. கோயிலுக்கு நடந்தே போய்விடலாம்.