தீப்பெட்டிப் படமும் நமது நாணயமும்

அந்நாளில் தீப்பெட்டி வாங்க வருபவர் கம்பெனிப் பெயர் சொல்லமாட்டார். "கிளிப் படம் குடுங்க" என்பார். எழுத்து வாசிக்காதவருக்குப் படமே பெயர்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து, சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தியைத் தொடங்கினர். லேபிள் தேவை பெருகவே அங்கேயே லித்தோ அச்சகங்கள் தோன்றின. பெரிய தாளில் பல படங்களைச் சேர்த்து அச்சடித்து, வெட்டி, பெட்டியில் கையால் ஒட்டினர். 600 பெட்டி கொண்ட பண்டலாக அவை நம் காஞ்சிபுரத்துக்கும் வந்தன.

ஒருமுறை, மலிவு என்று அதே சாயலில் படம் ஒட்டிய வேறு சரக்கை நாம் எடுத்துவிட்டோம். குச்சி பற்றவில்லை. சில்லறைக் கடைக்காரர்கள் பண்டலோடு திருப்பினர். பணநஷ்டத்தைவிடப் பெயர் கெட்டதே பெரிது.

ஆகவே, சரக்கு எடுக்கும்போது படத்தோடு தயாரிப்பாளர் பெயரையும் பார்த்து வாங்குங்கள்.