சியர் கோச்சிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்குப் பள்ளியின் சியர்லீடிங் அணியில் இடம் கிடைத்துவிட்டது. கையெழுத்துப் போடச் சொல்லி நாலைந்து படிவங்களை நீட்டுகிறாள். பெற்றோர் கூட்டத்துக்கு வரச் சொல்லி கோச்சும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். சினிமாவில் பார்த்ததைத் தவிர இதைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாதே என்று தயங்குகிறீர்களா? கூட்டத்துக்குப் போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

ஓரமாக நின்று கோஷம் போடுவதுதானே, இதற்கு எதற்குக் கோச்? தொடக்கத்தில் கோஷம் மட்டும்தான். 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஆட்டத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னால் வந்து நின்று கோஷத்தை நடத்தினார். ஆமாம், பையன்தான். பெண்கள் 1920களில்தான் உள்ளே வந்தார்கள். இன்றோ பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துகிறார்கள், வீசிப் பிடிக்கிறார்கள், தரையில் பல்டி அடிக்கிறார்கள். போட்டிக்குப் போகும் அணி இரண்டரை நிமிடத்துக்குள் இத்தனையும் செய்து காட்ட வேண்டும். விழுந்தால் அடிபடும் விளையாட்டு இது. ஆகவே கோச் யார், எப்படிப்பட்டவர் என்று நீங்கள் விசாரிப்பதில் தப்பே இல்லை.

பொதுவாக இந்தக் கோச்சுகள் எங்கிருந்து வருகிறார்கள்? பல இடங்களில் அதே பள்ளியின் ஆசிரியைதான். பாடம் நடத்திவிட்டு, மாலையில் சிறு தொகைக்கு இதைப் பார்த்துக்கொள்வார். தானும் பள்ளியிலோ கல்லூரியிலோ சியர் செய்தவராக இருப்பார். சிலர் ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வருவார்கள். கல்லூரி நாட்களில் கோடை முகாம்களில் சொல்லிக்கொடுத்த அனுபவமும் பலருக்கு உண்டு. இந்த முகாம் வழக்கத்தை 1948இல் டெக்சாஸில் தொடங்கிவைத்தவர் லாரன்ஸ் ஹெர்க்கிமர். முகாமில் சொல்லிக்கொடுத்த கோச் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு மூன்று நான்கு நாளில் கற்றுக்கொடுத்துப் பழகியவர் என்பதால், என்னைக் கேட்டால், கோப்பைகளைவிட இந்த அனுபவத்துக்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வேறு ஆள் கிடைக்காததால் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டு பொறுப்பேற்றவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்றும் தெரியாதென்று ஒதுக்கிவிடாதீர்கள். பள்ளி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கூட்டமைப்பு (என்.எஃப்.எச்.எஸ்.) சியருக்கென்று தனி விதிப்புத்தகம் வெளியிடுகிறது, கோச்சுகளுக்கு இணையவழிப் பாடங்களும் நடத்துகிறது. அவற்றை முடித்துவிட்டு, தனக்குத் தெரியாத ஸ்டண்டை (தூக்கி நிறுத்தும் வித்தையை) தொடாமல் விடுகிற கோச், பழைய சாம்பியனைவிடப் பாதுகாப்பானவராக இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: ஸ்டண்ட் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்கிறீர்களா? முதலுதவி, சி.பி.ஆர். (இதயம் நின்றால் மார்பை அழுத்திச் செய்யும் உதவி) சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா?

நல்ல கோச்சை எப்படித்தான் அடையாளம் காண்பது? ஒரு மாலை பயிற்சியைப் பார்க்க அனுமதித்தால் போய் உட்காருங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு ஸ்டண்ட் செய்வார்கள். எதிரெதிரே நிற்கும் இருவர் பேஸ் (கீழே தாங்குபவர்). மேலே ஏறுபவர் ஃப்ளையர். பின்னால் நிற்பவர் பேக் ஸ்பாட் (தலையும் தோளும் தரையில் படாமல் பிடிக்கும் பொறுப்புள்ளவர்). ஃப்ளையர் பேஸ்களின் தோளில் கை ஊன்றி, அவர்கள் உள்ளங்கையில் பாதம் வைப்பாள். பேக் ஸ்பாட் உரக்க எண்ணுவாள். அந்த எண்ணிக்கைக்கு எல்லோருடைய முழங்காலும் ஒன்றாக மடங்கி, ஒன்றாக நிமிர வேண்டும். எண்ணும் குரல் கேட்கவில்லை என்றால் நல்ல கோச் அங்கேயே நிறுத்திவிடுவார், ஸ்டண்ட் அழகாக எழும்பியிருந்தாலும் சரி.

ஏறுவதைவிட இறங்குவதுதான் முதல் பாடம். விழுபவளைப் பிடிக்க மூவருக்கும் கை பழகிய பிறகே தொடை உயரம், பிறகு தோள் உயரம், அப்புறம்தான் தலைக்கு மேல். அரைமண்டி நிற்காத பிள்ளைக்கு எந்த நாட்டிய டீச்சரும் வர்ணம் எடுக்க மாட்டார் அல்லவா, அதே கணக்குதான். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, தோள் உயரத்திலேயே ஆடுகிற அணியைத் தலைக்கு மேல் போகச் சொல்கிறாரா, இருக்கிற ஸ்டண்டையே சுத்தமாகச் செய்தால் போதும் என்கிறாரா? கோச்சின் குணம் அங்கே தெரிந்துவிடும். மதிப்பெண் குறையும் என்று தெரிந்தே ஒரு ஸ்டண்டை எடுத்துவிடும் கோச்சிடம் பிள்ளையை நம்பி விடலாம்.

அடிபட்டால்? முக்கியமாக அஞ்ச வேண்டியது கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது). கீழே விழ வேண்டியதில்லை. மேலிருந்து வருபவளின் முழங்கை பேஸின் நெற்றியில் பட்டாலே போதும். சந்தேகம் வந்தால் அன்றைக்குப் பயிற்சி அத்தோடு முடிந்தது என்பதே விதி. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே, அதுவும் படிப்படியாக, திரும்ப முடியும். மகள் “ஒண்ணுமில்லம்மா” என்பாள், நம்பாதீர்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது எதுவானாலும் கோச்சிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே இன்னொன்றும் கேட்க வேண்டும்: உங்கள் பள்ளியில் சியர் விளையாட்டாகக் கணக்கில் இருக்கிறதா, வெறும் கிளப்பா? விளையாட்டு என்றால், அடிபட்டவர்களைப் பார்க்கும் விளையாட்டு மருத்துவ உதவியாளர் கிடைக்க வாய்ப்பு அதிகம். சரியான மெத்தையும் இடமும் கேட்டுவாங்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதை விளையாட்டாக ஏற்க வேண்டும் என்று 2012இலேயே சொல்லிவிட்டது. போட்டி சியரை விளையாட்டாக ஏற்கும் சட்டத்தை கலிஃபோர்னியா 2015இல் இயற்றியது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை வேறு.

ஒல்லியாக இருந்தால்தான் ஃப்ளையரா? எடை ஒரு காரணம்தான், ஆனால் உடம்பை விறைப்பாக வைத்திருப்பது அதைவிடப் பெரிய காரணம். துவளும் ஒல்லிப் பிள்ளையைத் தூக்குவது கஷ்டம். எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, சாப்பாட்டைப் பற்றிக் கிண்டல் செய்வது நடந்தால் பொறுத்துப்போகாதீர்கள்.

சிறு விஷயம், ஆனால் நம் வீடுகளில் பிரச்சினையாகும்: மூக்குத்தி, தோடு, வளையல் எதுவும் கூடாது, நகம் குட்டையாக இருக்க வேண்டும். பருவம் தொடங்கும் நேரத்தில் மூக்குக் குத்திவிட்டால், புண் ஆறுமுன் கழற்ற வேண்டிவரும்.

படிவங்களில் ஒன்று ஒழுங்கு ஒப்பந்தம். சமூக ஊடகத்தில் அணியைத் திட்டினால் நீக்கம் என்று அதில் இருக்கலாம். பென்சில்வேனியாவின் மகனோய் பகுதியில், பள்ளியின் முதன்மை அணியில் இடம் கிடைக்காத ஒரு மாணவி ஒரு சனிக்கிழமை ஸ்னாப்சாட்டில் கெட்ட வார்த்தையில் கொட்டித் தீர்த்தாள். அவள் இருந்த இளையோர் அணியிலிருந்து கோச்சுகள் அவளை ஓராண்டு நீக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் எட்டு நீதிபதிகள் மாணவி பக்கம், ஒருவர் எதிர்ப்பக்கம். பள்ளிக்கு வெளியே பேசியதற்கெல்லாம் பள்ளி தண்டிக்க முடியாது என்றானது. மிரட்டலுக்கும் சக மாணவியைத் துன்புறுத்துவதற்கும் இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. மகளிடம் இரண்டையும் சொல்லி வையுங்கள்.

நேரமும் பணமும்? வசந்தத்தில் தேர்வு, கோடையில் முகாம், ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஃபுட்பால், பிறகு கூடைப்பந்து, குளிர்காலத்தில் போட்டிகள். அரங்கேற்ற ஆண்டில் இருக்கும் பிள்ளையால் இரண்டையும் இழுப்பது கடினம். தேதிகளை முன்கூட்டியே கோச்சுக்குக் கொடுத்துவிடுங்கள். சீருடை, ஷூ, முகாம், பயணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்கப்படும் தொகைதான் கையைக் கடிக்கும். கட்ட முடியாவிட்டால் கோச்சிடம் தனியாகச் சொல்லலாம். பல அணிகள் நிதி திரட்டி ஈடுகட்டுகின்றன.

கடைசியாக, புகார் இருந்தால் யாரிடம் போவது? முதலில் கோச்சிடமே, மின்னஞ்சலில் நேரம் கேட்டு. சரிவராவிட்டால் பள்ளியின் விளையாட்டு இயக்குநர், அதன் பிறகே தலைமையாசிரியர். பாதுகாப்பு சம்பந்தப்பட்டதென்றால் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம், நேரே மேலே போங்கள். மற்றதற்கெல்லாம் ஆட்டம் முடிந்த கையோடு மைதானத்திலேயே பிடித்துக் கேட்காதீர்கள். இருபத்து நாலு மணி நேரம் கழித்துத்தான் பேசுவேன் என்று பல கோச்சுகள் அந்தப் படிவத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள்.