திரைக்களம் – 11: கீவ் நகரின் ஐவர்

கொரியாவில் டெலிகாம் கம்பெனிகளே அணி வைத்திருந்தன, டிவி சேனல்கள் இரவு பகலாக ஆட்டங்களை ஒளிபரப்பின என்று சென்ற இதழில் பார்த்தோம். கருங்கடலுக்கு வடக்கே கதை வேறு. அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு முதலில் சோறு போட்டவர்கள் புரவலர்கள்.

முராத் ஜுமாஷெவிச் அப்படி ஒரு புரவலர். கஜகஸ்தான்காரர். 'கவுண்டர் ஸ்ட்ரைக்' துப்பாக்கி ஆட்டத்தின் மீது தீராத பித்து. ஆட்டத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'அர்பலெட்'. அந்தப் பெயரிலேயே கோப்பை அறிவித்து, கைக்காசைப் போட்டுப் போட்டிகள் நடத்தினார். அதுவும் போதாமல் சொந்தமாக ஓர் அணி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். 2009 டிசம்பரில் உக்ரைன் தலைநகர் கீவில் ஐந்து பேர் கூடினார்கள். அணிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ரசிகர்களிடமே கேட்டதில், லத்தீனில் 'நாட்டஸ் வின்செரே' என்று வந்தது. அவ்வளவு நீளப் பெயரை யார் கத்துவார்கள்? 'நாவி' ஆகிவிட்டது. மஞ்சளும் கறுப்பும் அதன் நிறங்கள்.

நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் காசு கொடுத்து 'சிஎஸ்' ஆடி வளர்ந்தவர்களுக்கு ஆட்டத்தை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. ஐவருக்கு எதிராக ஐவர். ஒரு பக்கம் குண்டு வைக்க வரும், மறுபக்கம் தடுக்கும். செத்தவர் அந்த ரவுண்ட் முடியும்வரை வேடிக்கைதான் பார்க்கலாம். ரவுண்டுக்கு ரவுண்ட் கிடைக்கும் பணத்தில்தான் துப்பாக்கி வாங்க வேண்டும். தோற்றால் பணம் குறையும். எப்போது செலவழிப்பது, எப்போது வெறும் பிஸ்டலோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரவுண்டை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுக்க ஒரு தலை வேண்டும். நாவிக்கு அந்தத் தலை, கார்கிவ் நகரத்து டானிலோ டெஸ்லென்கோ. 'ஜீயஸ்' என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். ஸ்நைப்பர் துப்பாக்கி 'மார்கெலோஃப்' கையில்.

கூடிய மூன்றாம் மாதமே ஜெர்மனியின் ஹனோவரில் ஸ்வீடன் அணியான ஃபனாட்டிக்கை வீழ்த்தி ஐஇஎம் உலகப் பட்டம் வென்றார்கள். அதே 2010இல் பாரிஸில் இஎஸ்டபிள்யூசி, லாஸ் ஏஞ்சலீஸில் டபிள்யூசிஜி. ஒரே ஆண்டில் இந்த மூன்றையும் எடுத்த அணி அதற்கு முன் கிடையாது. அதுவரை இந்த ஆட்டம் பெரும்பாலும் ஸ்வீடன்காரர்களும் போலந்துக்காரர்களும் ஆண்ட சொத்து.

அடுத்த ஆண்டு 'டோட்டா 2'. வால்வ் நிறுவனம் அந்த ஆட்டத்தை இன்னும் பொதுமக்களுக்கு வெளியிடவே இல்லை. அதற்குள் ஜெர்மனியின் கொலோன் நகரில் 16 அணிகளைக் கூப்பிட்டு, முதல் பரிசு 10 லட்சம் டாலர் என்றது. அழைப்பு வந்த பலர் ஏதோ மோசடி என்றே நினைத்தார்கள். இரண்டாம் பரிசு இரண்டரை லட்சம்தான் என்பதால், இறுதிப் போட்டியின் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே ஏழரை லட்சம் டாலர் தொங்கியது. நாவி அங்கும் புதிதாக ஓர் அணியை அனுப்பியிருந்தது. சீனாவின் இஹோம் அணியை 3-1 என்று தோற்கடித்தது.

நாவியின் டோட்டா அணியின் செல்லப்பிள்ளை லிவிவ் நகரத்து டானில் இஷுடின், அதாவது 'டென்டி'. எதிரியைக் கொல்வதைவிட எதிரியைச் சீண்டுவதில் அவருக்கு மகிழ்ச்சி. 2013இல் சியாட்டிலில் சீன அணியான டோங்ஃபுவோடு நடந்த ஆட்டம் இதற்குச் சாட்சி. டென்டியின் பாத்திரம் சங்கிலியில் கட்டிய கொக்கியை வீசும். மாட்டிய எதிரியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். கேப்டன் 'பப்பே'யின் பாத்திரத்துக்கோ, கூட்டாளியை மந்திரம் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பும் சக்தி. கொக்கி காற்றில் போய்க்கொண்டிருக்கும் நொடியில் மந்திரம் வேலை செய்தால்? டென்டி தன் கோட்டையில் போய் நிற்பார். கொக்கியில் மாட்டியவர் வரைபடத்தைக் குறுக்காகக் கடந்து, எதிரி நுழைந்தாலே சாகும் அந்த ஊற்றங்கரையில் போய் விழுவார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பச் செய்தார்கள். ரசிகர்களில் பாதிப் பேர் கூத்தாடினார்கள், மீதிப் பேர் இது ஆட்டமா என்று திட்டினார்கள். வால்வ் பிறகு அந்த ஓட்டையை அடைத்துவிட்டது.

ஆனால் கோப்பை வரவில்லை. 2012 இறுதியில் சீனாவின் இன்விக்டஸிடம் தோல்வி. 2013 இறுதியில் ஸ்வீடனின் அலையன்ஸிடம் ஐந்தாவது ஆட்டம்வரை போய்த் தோல்வி. அதோடு நாவியின் டோட்டா கதையில் பெரிதாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. டென்டியின் புகழ் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வால்வே எடுத்த 'ஃப்ரீ டு ப்ளே' ஆவணப்படத்தின் மூன்று நாயகர்களில் அவர் ஒருவர். தோற்கும் அணியில் ஒரு நட்சத்திரம் ஒளிர்வது கம்பெனிக்கு ஒருவகையில் வசதி. சட்டை விற்கும், கோப்பை வராததை யாரும் உரக்கக் கேட்க மாட்டார்கள். இந்தப் பழக்கம் நாவிக்கு நெடுநாள் இருந்தது என்பது என் எண்ணம்.

கவுண்டர் ஸ்ட்ரைக்கும் 2012இல் புது வடிவம் எடுத்துவிட்டது. அதில் 'மேஜர்' என்பதுதான் மிகப் பெரிய பட்டம். 2015இல் ருமேனியாவின் க்ளூஜ் நகரில் ஒரு மேஜர் இறுதி, 2016இல் அமெரிக்காவின் கொலம்பஸில் இன்னொன்று. இரண்டிலும் நாவி ஒரு வரைபடம்கூட, அதாவது தொடரின் ஓர் ஆட்டம்கூட, ஜெயிக்காமல் தோற்றது.

அந்த வருடம் ஜூலையில் கொலோனில், வேறொரு அணிக்காக ஆடிய 18 வயதுப் பையன் ஒருவன் ஒரு காரியம் செய்தான். ஸ்வீடனின் ஃபனாட்டிக்குக்கு எதிரான அரையிறுதி. தனியாளாக மிஞ்சியிருந்தான், எதிரே இருவர். ஸ்நைப்பர் துப்பாக்கியோடு உயரத்திலிருந்து குதித்தான். குறிபார்க்கும் கண்ணாடியைத் திறக்கவே இல்லை. விழுந்துகொண்டே ஒருவரைச் சுட்டான். கால் தரையில் பட்டதும் அடுத்தவரையும் அப்படியே. வால்வ் அந்த வரைபடத்தின் அதே சுவரில் சிறகு முளைத்த ஓர் உருவத்தை வரைந்து வைத்தது. பையனின் பெயர் ஒலெக்சாண்டர் கோஸ்டிலியெவ். கீவ் நகரத்துப் பிள்ளை. 'சிம்பிள்' என்றால் உலகமே அறியும்.

அடுத்த மாதமே நாவி அவனை வாங்கியது. ஐந்து நாற்காலிதானே? ஒருவர் எழ வேண்டும். எழுந்தவர் ஜீயஸ், அணி பிறந்த நாளிலிருந்து கேப்டனாக இருந்தவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? யாரும் பெரிதாக மதிக்காத கேம்பிட் என்ற அணிக்குப் போய், 2017 ஜூலையில் போலந்தின் க்ராகோவில் மேஜர் பட்டத்தை வென்றார். நாவி பல வருடமாகத் துரத்திய உச்சத்தை, நாவி வேண்டாம் என்றவர் ஒரே வருடத்தில் தொட்டார். அவ்வளவுதான், அடுத்த மாதமே அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவரும் வந்தார். 2018இல் லண்டன் மேஜர் இறுதியில் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸிடம் தோற்று, 2019இல் ஓய்வு பெற்றார். நாவி சட்டையில் ஒரு மேஜர் அவருக்கு எழுதிவைக்கவில்லை.

நாவியின் வரலாற்றை எழுதுபவர்கள் பொதுவாக இதைச் சிம்பிளின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். காரணம் உண்டு. 2018, 2021, 2022 மூன்று ஆண்டுகளிலும் உலகின் முதல் ஆட்டக்காரர் அவர்தான். 2021 நவம்பரில் ஸ்டாக்ஹோம் மேஜரில் நாவி ஒரு வரைபடத்தைக்கூட இழக்காமல் பட்டம் வென்றது. அதற்கு முன் எவரும் செய்யாதது. இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 27 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆனால் நான் கவனிப்பது பின்னால் நின்ற பயிற்சியாளரை. 'பிளேடு' என்ற ஆந்த்ரீ ஹொரொடென்ஸ்கி. சிம்பிள் சுடும் இடத்துக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தும் அமைப்பைக் கட்டியவர். இன்னொருவர், நாவியின் ஜூனியர் அணியிலிருந்து வந்து 18 வயதில் ஸ்டாக்ஹோமில் கோப்பை தூக்கிய வலேரி வகொவ்ஸ்கி, 'பிட்'. இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக்ஹோம் ஐவரில் உக்ரைனியர் இருவர், ரஷ்யர் மூவர். பேசிய மொழி ரஷ்யன். அன்று அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

மூன்றரை மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. நாவி அப்போது போலந்தின் கட்டோவிட்ஸ் நகரில் போட்டிக்கு வந்திருந்தது. சிம்பிள் மேடையேறி, இரு நாட்டு நண்பர்களோடும் சேர்ந்து ஆடியவன் நான், ஒன்றாக வென்றோம், ஒன்றாகத் தோற்றோம் என்ற பொருளில் பேசி, அமைதி வேண்டினார். மார்ச் தொடங்கியதும் ரஷ்யாவின் இஎஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தோடு இருந்த கூட்டை நாவி முறித்தது. மே மாதம் ஆண்ட்வெர்ப் மேஜர் இறுதிவரை அதே ஐவர் போனார்கள். ஃபேஸ் அணியிடம் 0-2 என்று தோற்றார்கள். சில நாட்களில் ரஷ்யரான கேப்டன் 'பூம்பல்'லை அனுப்பிவிட்டார்கள். கிளப்பின் பெயருக்கு ஆபத்து என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. மற்ற இரு ரஷ்யர்களும் ரஷ்யாவை விட்டு வெளியே வாழ்ந்தால் ஆடலாம் என்ற ஏற்பாட்டில் மேலும் ஓராண்டு தொடர்ந்தார்கள். ரஷ்யர்களை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று உக்ரைனில் ஏசினார்கள். விளையாட்டில் ஏன் அரசியல் என்று மறுபக்கத்தில் ஏசினார்கள். தன் ஊரில் குண்டு விழும்போது ஒரு கிளப் எடுக்கும் முடிவை தூரத்தில் உட்கார்ந்து எடைபோட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆண்ட்வெர்ப்பில் வென்ற ஃபேஸ், பல நாட்டவர் ஆங்கிலத்தில் பேசி ஆடும் அணி. அப்படிக் கலந்து கட்டிய அணி மேஜர் வென்றது அதுவே முதல்முறை. காரணம் மொழி. இந்த ஆட்டத்தில் ஒரு ரவுண்ட் ஒரு நிமிடம் 55 நொடி. குண்டு வைத்தபின் 40 நொடி. எதிரியைப் பார்த்தவன் அதை அரை நொடியில் நால்வருக்கும் சொல்ல வேண்டும். வரைபடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ரஷ்ய மொழி ஆட்டக்காரர்களிடம் ஒரு பெயர், ஆங்கிலத்தில் இன்னொரு பெயர். செத்துப்போகும் நொடியில் வாயில் வருவது தாய்மொழிதான். அதனால்தான் பத்து வருடமாக ஸ்வீடன்காரர்கள் தனியாக, பிரெஞ்சுக்காரர்கள் தனியாக, பிரேசில்காரர்கள் தனியாக என்று அணி கட்டினார்கள்.

2023 ஜூனில் நாவி இந்த வழக்கத்தையே உடைத்தது. கடைசி இரு ரஷ்யர்களும் விலகினார்கள். ஃபின்லாந்திலிருந்து 'அலெக்சிப்', ருமேனியாவிலிருந்து 'ஐஎம்', லித்துவேனியாவிலிருந்து 'ஜேஎல்' வந்தார்கள். இனி ஆங்கிலம். அலெக்சிப் பல அணிகள் கேப்டனாக வைத்துப் பார்த்துக் கைவிட்டவர். போதாக்குறைக்கு அக்டோபரில் சிம்பிளே ஓய்வு வேண்டும் என்று ஒதுங்கினார். அவர் இடத்துக்கு வந்தவர் 19 வயதுகூட நிறையாத உக்ரைன் பையன், 'வொண்டர்ஃபுல்'. பழையவர்களில் மிஞ்சியது பிட்டும், பயிற்சியாளர் பிளேடும்தான். நாவி முடிந்தது என்று எழுதியவர்கள் ஏராளம்.

2024 மார்ச் 31, கோபன்ஹேகன் ராயல் அரீனா. ஆட்டத்தின் அடுத்த வடிவமான கவுண்டர் ஸ்ட்ரைக் 2இன் முதல் மேஜர் இறுதி. எதிரே அதே ஃபேஸ். அதன் கேப்டன் 'கரிகன்' டென்மார்க்காரர் என்பதால் அரங்கமே அவர்கள் பக்கம். முதல் வரைபடத்தை நாவி 13-9 என்று எடுத்தது. இரண்டாவதில் 2-13. இறுதிப் போட்டியில் அப்படி ஓர் அடி வாங்கிய அணி மூன்றாவதில் நடுங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இன்ஃபெர்னோ என்ற அந்த வரைபடத்தில் ஃபேஸுக்கு மூன்றே ரவுண்ட் கொடுத்து 13-3 என்று முடித்தார்கள். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஜேஎல்லுக்கு. ஸ்டாக்ஹோமைவிட இதுவே பெரிய வெற்றி என்பேன். ஸ்டாக்ஹோமில் உலகின் சிறந்த ஆட்டக்காரர் அணியில் இருந்தார். இங்கே, பத்து மாதம் முன்பு ஒரே அறையில் உட்கார்ந்து ஆடியிராதவர்கள், பெரும்பாலோருக்குத் தாய்மொழியல்லாத மொழியில் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டு ஆடினார்கள்.

சிம்பிள் திரும்பவில்லை. வேறு அணிகளுக்கு இரவலாகப் போய், அவற்றில் ஃபேஸும் ஒன்று, கடைசியில் 2025இல் நாவியை விட்டே விலகினார். ஜேஎல்லும் அந்த ஆண்டு இடத்தைக் காலிசெய்தார். ஜூனியர் அணியிலிருந்து கொசோவோவைச் சேர்ந்த 'மகாசே' வந்தார். கோபன்ஹேகன் வெற்றிக்கு நாலு மாதம் கழித்து நாவி ரியாதில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் பட்டத்தை வென்றது. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து அங்கே வைக்கப்பட்ட பரிசு ஆறு கோடி டாலர். சவூதி அரசு இந்தத் தொழிலுக்குள் எப்படி வந்தது, எந்தெந்தக் கம்பெனிகளை வாங்கியது, ஆட்டக்காரர்களில் யார் யார் போக மறுத்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)