கையெழுத்து வைத்தால் சம்மதமா?

பிரசவ வலியோடு வார்ட்டில் படுத்திருக்கும் தாயிடம் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. படிவம் சிங்களத்தில் இருக்கிறது. அவர் வாசிப்பதோ தமிழ். வலியின் நடுவே கையெழுத்து வைத்துவிடுகிறார். இதைச் சம்மதம் என்று மருத்துவ அறம் ஏற்காது. இலங்கை மலையகத் தோட்டப் பெண்களின் கருத்தடை குறித்துப் பல்லாண்டுகளாக எழும் கேள்வியின் மையம் இதுதான்.

எல்.ஆர்.டி. எனப்படும் சத்திரசிகிச்சையில் கருக்குழாய்கள் இரண்டும் கட்டி வெட்டப்படுகின்றன. பிறகு மனம் மாறினால் அவற்றை மீண்டும் இணைப்பது கடினம். இணைத்தாலும் கரு தங்கும் என்ற உறுதியில்லை. தேசிய சுகாதார ஆய்வுகளில், பெண்களின் நிரந்தரக் கருத்தடை நகரத்தையும் கிராமத்தையும்விடத் தோட்டங்களில் அதிகம். விரும்பிச் செய்துகொண்டு நிம்மதியாக வாழ்பவர்களும் உண்டு. ஆனால் பெண்கள் நெருக்குதலுக்கு உள்ளானதையே மானிடவியலாளர் சசிகுமார் பாலசுந்தரம் 2011இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பேசுகிறது.

நெருக்குதல் எங்கிருந்து வருகிறது? முதலாவது, பணம். 1980களில் இச்சிகிச்சைக்கு அரசு 500 ரூபாய் கொடுத்தது. அன்றாடம் கொழுந்து பறித்தால்தான் சம்பளம் என்றிருந்த குடும்பத்துக்கு அது பெரிய தொகை. இரண்டாவது, தோட்டத்தின் அமைப்பு. தொழிலாளரின் வைத்தியப் பொறுப்பை 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. தோட்ட வைத்திய உதவியாளருக்கும் மருத்துவமாதுவுக்கும் சம்பளம் கொடுப்பது நிர்வாகமாக இருக்கும்போது, அவர்கள் சொல்லும் ஆலோசனை தாயின் நலனுக்கா, வேலைநாள் குறையக்கூடாது என்பதற்கா என்ற சந்தேகம் எழுவது இயல்பு.

உண்மையான சம்மதத்துக்கு நான்கு விடயங்கள் வேண்டும்: புரியும் மொழியில் விளக்கம், யோசிக்க அவகாசம், மாற்று வழிகள் பற்றிய தகவல், "வேண்டாம்" என்றால் எதுவும் பறிபோகாது என்ற உறுதி. லூப், ஊசி, மாத்திரை என்று தற்காலிக முறைகள் பல. ஆண்களுக்கான வாசெக்டமி, பெண்ணின் சத்திரசிகிச்சையைவிட எளிது. ஆயினும் கத்தி பெரும்பாலும் மனைவியின் உடலையே தேடி வருகிறது.

1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. எனவே தமிழ்ப் படிவம் கேட்பது சலுகையல்ல, உரிமை. கருத்தடை ஆலோசனையைக் கர்ப்பகால கிளினிக்கிலேயே, கணவன் மனைவி இருவரிடமும், தமிழில் தொடங்க வேண்டும். பிரசவ அறை அதற்கான இடமல்ல. தாய்மாரே, விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.